கரகத்துக்குத் தண்ணீர் கொடுத்த வீடு

மே 5, செவ்வாய்

பகல் முழுக்க வெயில், பின்னேரம் இடி. துவைத்துப் போட்டது ஒன்றும் காயவில்லை.

வியாழன் எங்கள் பல்கலைக்கழகச் சமய நல்லிணக்க நிலையத்துக்கு வெளிநாட்டு விருந்தாளிகள். என் வேலைகள்: வேன், மரக்கறிச் சாப்பாடு, அலுவிகாரையில் பிக்கு ஹாமுதுருவிடம் சொல்லிவைக்க, பேனர். நான்கு சமயச் சின்னமும் ஒரே அளவில் இருக்கவேண்டுமாம். அடிமட்டம் வைத்து அளந்தேன். எங்கள் நல்லிணக்கம் அங்குலக் கணக்கு.

பேராசிரியர் நல்ல சந்தோஷத்தில். "உம்முடைய கிணத்துக் கதைதான் பிள்ளை இந்த நிலையத்துக்கே முகம்" என்றார். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும்.

கிணறு பலாபத்வல ஊர்ப் பக்கம், பரீதா ராத்தா வீட்டில். முஸ்லிம் வீடு. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு அங்கேதான் தண்ணீர். ராத்தாவின் மாமியார், பிள்ளைக்கு அம்மை கண்டு பிழைத்த வருஷம் தொடங்கிய நேர்த்திக்கடன். விடியுமுன் பூசாரி, அதாவது என் தாய்மாமா, பின்வாசலில் போய் நிற்பார். ராத்தா தன் கையால் இறைத்து ஊற்றுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் நேர்த்தி போச்சு. ராத்தாவின் கணவர் தெரிந்தும் தெரியாதவர். இப்போது மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் பேச்சு நின்றுவிடும் என்று ராத்தாவுக்குப் பயம்.

இதெல்லாம் ராத்தா சொன்னபோது பேரா.வும் என்னோடு அந்த வீட்டில் இருந்தார். வட்டலப்பம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "நான் பொறுப்பு தங்கச்சி, இந்தச் சுவரைத் தாண்டாது" என்றார். ஆய்வு உதவியாளராக நான் எழுதிய அறிக்கையில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை.

இன்றும் கேட்டேன், வெளியில் வராதுதானே சார் என்று. "சீ, என்ன கதை."


மே 7, வியாழன்

அலுவிகாரை முடிந்து சாப்பாட்டுக்கு டவுனுக்குத் திரும்பவேண்டிய வேன் நேரே போனது. பேரா. முன் சீட்டிலிருந்து திரும்பி, விருந்தாளிகளுக்கு ஒரு சின்ன சர்ப்ரைஸ் என்றார். பலாபத்வல வந்ததும் புரிந்துவிட்டது. "சார், வேணாம் சார்" என்றேன். கேட்காதமாதிரி இருந்தார்.

ராத்தா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேன், கேமரா, ஐந்து வெள்ளைக்காரர்கள், கடைசியாக நான். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் மதிலோரம். பேரா. கையில் அன்பளிப்பாகப் பித்தளைக் குத்துவிளக்கு. சமயங்களை ஆராய்கிறவர் முஸ்லிம் வீட்டுக்குக் குத்துவிளக்கு தூக்கிக்கொண்டு போகிறார்.

"இந்த அம்மாதான் மாரியம்மன் கரகத்துக்குத் தண்ணி குடுக்கிறவ." சத்தமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும்.

ராத்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கட கிணத்துல அப்பிடி யாருக்கும் குடுக்கிறல்ல. நீங்க வீடு மாறி வந்தீக்கிறீங்க."

"இந்தப் பிள்ளையைத் தெரியுந்தானே?"

"இல்ல. இந்தப் புள்ளய நான் கண்டதே இல்ல."

எத்தனை நாள் அந்தக் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருப்பேன். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் என்ன நடந்தது என்று கேட்டாள். உதவியாளர் சேகரித்த தகவல், நான் நம்பிவிட்டேன், சின்னப் பிள்ளைகள் சில நேரம் ஆர்வத்தில் கூட்டி எழுதிவிடுவார்கள் என்றார் பேரா. சிரித்துக்கொண்டே. நான் பின் சீட்டில், மடியில் குத்துவிளக்கு.


மே 8, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி, பனடோல்.

மாமா போன். "அந்தம்மா வீட்டுக்காரரு கடைகிட்ட வச்சு சொன்னாரு, இனிமே தண்ணிக்கு வர வேணாமாம். நீயா கூட்டிட்டுப் போன?"

"இல்ல மாமா."

"வேன்ல நீ இருந்தியாமே."

இருந்தேன். அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன்.


மே 11, திங்கள்

மழை. குடை போர்டிங் அறையில்.

விருந்தாளிகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார்களாம், பொய்த் தகவல் என்று. புதன்கிழமை விசாரணை. வேலையும் போகலாம், எம்.ஏ. பதிவும் போகலாம்.

பேரா. அறைக்குப் போனேன். "நீங்களும் இருந்தீங்களே சார். வட்டலப்பம் சாப்பிட்டீங்களே."

"நான் எத்தினை வீட்டிலை சாப்பிடுறன் பிள்ளை, எல்லாம் ஞாபகம் வைச்சிருக்க ஏலுமே? பிழை விட்டிட்டன் எண்டு சொல்லும். ஒரு எச்சரிக்கையோடை முடிஞ்சிடும்."

குரலில் அதே பாசம். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள், இவர் அறுத்துவிட்டு மருந்தும் தடவுகிறார். இந்த மனுஷனை அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்தேன்.

மாமாவைக் கூப்பிட்டால் வந்து சாட்சி சொல்வார். நான் தப்பிப்பேன். ராத்தா மதிலோரப் பெண்கள் முன்னால் சொன்னது பொய்யாகிவிடும். மகள் கலியாணமும் அதோடு சரி.

கூப்பிடவில்லை.


மே 13, புதன்

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஏசி குளிர். பேரா. ஓரமாகத் தனி நாற்காலியில், எனக்கு நேரே.

நடுவில் இருந்த மேடம் நல்ல மாதிரிதான் கேட்டார்: "நீங்கள் தவிர வேறு யாராவது இதை நேரில் கேட்டிருக்கிறார்களா? யோசித்துச் சொல்லுங்கள்."

பேரா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சார் இருந்தார் என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் இருந்தார் என்றால் வீடும் இருந்தது, கிணறும் இருந்தது, ராத்தாவும் சொன்னார் என்றாகிவிடும்.

"யாரும் இல்ல மேடம். அப்பிடி ஒரு வீடே இல்ல. நானே எழுதினது."

எழுதிக்கொண்டார்கள்.

பேரா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து மிகவும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.