கிண்ணத்தின் அடியில் இருக்கும் எண்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் அம்மா சௌக்கியத்துக்கும் ஒரு படி மேலே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நன்றாக இருக்க வேண்டும் என்ற வரியை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. போனிலேயே சொல்லலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் பார்த்தேன். நான் அனுப்பிய மரக்கிண்ணம் கனமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு நீ சிரித்துவிட்டு, அப்பாவுக்கு வேற வேலையே இல்லையாம்மா என்றாய். ஸ்பீக்கரில் இருந்ததால் அவளும் சேர்ந்து சிரித்தாள். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டாதே.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஷெட்டில் கடைசல் மெஷினில் நான் கடைந்த கிண்ணங்கள் எல்லாம் வெடித்துப்போனது உனக்குத் தெரியும். பச்சை மரத்தில் ஈரம் ஒரு பக்கம் அவசரமாகவும் மறுபக்கம் சோம்பேறித்தனமாகவும் வெளியேறும், நடுவில் மரம் கிழியும், நான் வேலை பார்த்த ஆபீஸ் மாதிரி. இந்தத் தடவை பாலிஷ்காரர் ஒரு வழி சொன்னார். கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்து, வாளி நிறைய, பாலிஷில் கலக்கிற ஸ்பிரிட்டில் ஒரு நாள் முழுக்க மூழ்கவிட வேண்டும். ஸ்பிரிட் உள்ளே போய் ஈரத்தை வெளியேற்றும். பிறகு எடுத்துத் துடைத்து, வெளிப்புறம் மட்டும் செய்தித்தாள் சுற்றி, கம்பி வலைமேல் கவிழ்த்து வைத்து, தினமும் காலையில் எடை நிறுத்து எழுதிக்கொண்டே வர வேண்டும். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது, மறுபடி மெல்லிசாகக் கடையலாம். தினமும் நிறுத்து எழுதுகிற வேலை என்றதும் எனக்குப் பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

மரம் கொடுத்தது முக்கால். லாரி எடைமேடையில் குமாஸ்தாவாக இருக்கிறாரே, அவர்தான். ஒரு டன் ஏற்றினால் மேடை முக்கால்தான் காட்டும் என்பதால் ஊர் வைத்த பேர், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். எடைமேடையை ஒட்டி நின்ற மரத்தை ரோட்டை அகலப்படுத்த வெட்டினார்கள். நாற்பது வருஷம் அந்த மேடையில் காணாமல் போன எடையை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற மரம். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் இரண்டு கிண்ணம் கடைந்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டும் வெடிக்கவில்லை. ஒன்று உனக்கு வந்தது. இன்னொன்றை அம்மா எடுத்துக் கட்டிலில் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள், கண்ணாடியும் ஹேர்பின்னும் போட்டு வைக்க.

அவளுடையது கடைந்து முடித்தபோது முன்னூற்றுப் பத்து கிராம். பழக்கதோஷத்தில் மறுநாளும் நிறுத்தேன், முன்னூற்று அறுபது. காற்றில் ஈரம் இருந்தால் மரம் குடிக்கும் என்று நினைத்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ நானூற்றுப் பத்து. அளவு மாறவில்லை, ஈரமும் இல்லை, தூக்கினால் அம்மிக்குழவி மாதிரி கனம். இதே ஆறு வாரத்தில் அம்மா இரண்டு கிலோ நூறு இளைத்திருக்கிறாள், குளியலறைத் தராசுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளிவிவர ஆபீஸில் முப்பது வருஷம் தற்செயல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தத் தடவை கை வரவில்லை.

கிண்ணத்தைக் கொண்டுபோய் ஷெட்டில் ஒளித்தேன். ஐந்து நாள் இரண்டு எண்ணும் அசையவில்லை. ஆறாம் நாள் அவள் தேடிப் பிடித்து எடுத்து வந்து, உருப்படியா வெடிக்காம ஒண்ணு செஞ்சீங்க, அதையும் ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க என்று சண்டை போட்டாள். அன்றிலிருந்து மறுபடி ஏற ஆரம்பித்தது. அவளோ வாக்கிங் போவதன் பலன் என்று நாத்தனாருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இத்தனை சந்தோஷமாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது. பழைய ஜாக்கெட்டெல்லாம் பொருந்துகிறது. கூடத்தில் நடந்தால் மட்டும் காலடிச் சத்தம் கேட்பதில்லை, திரும்பினால் பின்னால் நிற்கிறாள்.

போன வாரம் நீ, பாப்பாவுக்குக் கிளினிக்கில் எடை பார்த்ததில் முன்னூற்றைம்பது கிராம் குறைந்திருக்கிறது, பல் முளைக்கிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார் என்றாய். அதே மூச்சில், அந்தக் கிண்ணம் தொட்டில் தலைமாட்டில்தான் இருக்குப்பா, சாக்ஸும் கிலுகிலுப்பையும் அதுலதான் என்றாய். டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். நீ கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார். அடியில் பென்சிலில் 280 என்று எழுதியிருப்பேன். சமையலறைத் தராசில் வை. 280 காட்டினால் ஆயுசு முழுக்க என்னைக் கேலி செய், வாங்கிக்கொள்கிறேன். 630 காட்டினால் உடைக்காதே, எரிக்காதே. உள்ளே இருப்பது எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டிலிலிருந்து தூரமாக, யாரும் தூங்காத இடத்தில், மூடி போட்ட வாளியில் ஸ்பிரிட் ஊற்றி மூழ்க வை, பக்கத்தில் நெருப்பு கூடாது. மறுநாள் எடுத்துத் துடைத்து, செய்தித்தாள் சுற்றி, வாசனை போகிறவரை கவிழ்த்து வைத்து, அப்புறம் நிறு. பாலிஷைச் சரிபண்ண வேண்டும் என்று பொய் சொல்லி அம்மாவின் கிண்ணத்துக்கு இதைச் செய்து பார்த்துவிட்டேன். நானூறு கிராம் இறங்கியது. அம்மா நானூறு கிராம் ஏறினாள். அன்றிலிருந்து காபிக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். இப்போது இரண்டாம் தடவை மூழ்கியிருக்கிறது.

மூன்று பேருக்கும் எங்கள் ஆசி. பாப்பா நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, தூக்குகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குக் கனமாக வளரட்டும். கடிதம் கிடைத்ததும் மற்ற வேலையை அப்புறம் பார்த்துக்கொள், முதலில் நிறு. உடனே போன் போடு. விளக்கம் வேண்டாம், எண்ணை மட்டும் சொல். அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், வருவது எனக்குத் தெரியாது. என்ன எண் என்று கேட்டால் ஓ.டி.பி. என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா