விற்கும் காரணம்

நிஜின் அத்தான்,

காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்புகிறேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மேசையில் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன.

உங்கள் ஸ்போர்ட்ஸ் காருக்கு எழுதிய விளம்பரத்தில் ஒரு வரியை மாற்றிவிட்டேன். "வெளிநாடு போறோம்னு போட்டா போரும், என் காலைப் பத்தி ஒருத்தரும் அறியண்டாம்" என்று நேற்று கத்தினீர்கள். வாங்க வருகிறவர் உங்களைச் சக்கர நாற்காலியில் பார்க்கத்தானே போகிறார்? "ஓட்டியவரின் இடது கால் இனி கிளச் மிதிக்காது, வண்டிக்குக் குறையில்லை" என்று போட்டேன். இதுவரை அடிக்காத போன் இன்று காலையில் அடித்தது. மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர். "உள்ளதச் சொல்லி விக்கிய ஆளாக்கும், நம்பி வாங்கலாம். சாயங்காலம் வாறேன்" என்றார்.

கோபத்தை நான் வந்த பிறகு காட்டுங்கள். எஞ்சின் சத்தத்தை அவருக்கு நீங்களே கேட்கவையுங்கள். வண்டி நியூட்ரலில் நிற்கிறது. கதவைத் திறந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினால் போதும். சாவி பைபிளுக்குப் பக்கத்தில்.

அஜிஷா

பி.கு.: காரைக் கழுவி முற்றத்துக்குக் கொண்டுவந்தது நான்தான். சீட்டை முன்னால் இழுக்கவில்லை. நுனியில் உட்கார்ந்தே கிளச்சை மிதித்தேன். அது உங்கள் காலுக்கு வைத்த அளவு. வாங்குகிறவர் மாற்றிக்கொள்ளட்டும்.