மனசு இல்லை என்று சொன்னேன்

சாக்கோட்டை
4-3-1964

அன்புள்ள தங்கை வள்ளிக்கண்ணுக்கு,

அக்காள் ஒச்சம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் பொன்னழகும் நலம். சிங்கம்புணரியில் அண்ணனும் மதினியும் நீயும் கைப்பிள்ளையும் நலந்தானா? கார்டில் எழுதினால் மதினி படித்துவிடுவாள் என்று கவர் வாங்கினேன். அவள் மனம் நோகாமலிருக்க, பிள்ளைக்குச் சொக்காய் அளவு கேட்டு அவள் பெயருக்குத் தனியாக ஒரு கார்டும் போட்டிருக்கிறேன்.

உன் மகள் பொன்னழகு பள்ளிக்கூடம் போகிறாள். உன் பச்சைச் சேலையை விரித்தால்தான் படுக்கிறாள். துவைக்கக் கூடாது என்கிறாள். நானும் துவைக்கவில்லை. அவருக்குக் காரைக்குடியில் ஒரு வீட்டுக்கு நிலைக்கதவு வேலை. காலையில் சைக்கிளில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருகிறார்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டருக்கு நம் தெருவில் ஏழு பேருக்கு ஞானஸ்நானம். ஒரு ஆண்பிள்ளைக்கு ஒரு மனைவிதான், முடிவு தெரியும்வரை ஒருத்தி தள்ளியிருக்கட்டும் என்று சாமியார் சொல்லித்தானே நீ அண்ணன் வீட்டுக்குப் போனாய். இப்போது முடிவு சொல்லிவிட்டார். முதலில் கட்டியவள் ஞானஸ்நானம் பெற்றால் அவள்தான் மனைவி. அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால், மற்றவள் பெற்றுக்கொண்டு அவரோடு இருக்கலாம். உங்கள் எண்ணம் என்ன என்று நம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஒவ்வொருவரிடமும் மந்திரம் ஒப்பிக்கச் சொன்னார். நான் பரமண்டல மந்திரத்தில் பாதியில் நின்றேன். ஆண்டவர் இட்ட பத்துக் கற்பனையில் மூன்று சொல்லி நிறுத்தினேன். உபதேசியார் மனைவி சும்மா இருந்தாளா? “என்ன ஒச்சம்மா, இவுகளுக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீக” என்றாள். அவள் சொன்னது வாஸ்தவந்தான். பொன்னழகு காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது மாதா கோயிலில் போய் முதலில் முழங்காலிட்டவள் நான்தானே. அவரையே நான்தான் கூட்டிப்போனேன்.

மந்திரம் வராவிட்டால் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சாமியார் தள்ளவில்லை. மந்திரம் பிறகு வரும், மனசு இருந்தால் போதும், மனசு இருக்கிறதா என்று அதை மட்டும் கேட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு இல்லை என்று சொன்னேன். அந்த இடத்தில் நின்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலை வைத்தேன். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் வரவில்லை. கையும் காலும் தம்பாட்டுக்கு வேலை பார்க்கின்றன.

எனக்குப் பிள்ளை இல்லையென்று பத்து வருஷத்துக்கு முன்னால் நானே அம்மாவிடம் வந்து உன்னை அவருக்குக் கட்டிவைக்கக் கேட்டு அழைத்து வந்தேன். இப்போது இரண்டு பிள்ளை பெற்ற உன்னை அண்ணன் வாசலில் விட்டுவிட்டு எனக்கு என்ன ஞானஸ்நானம்? இதை மறுத்து நீ பதில் எழுதாதே. எழுதினாலும் நான் படிக்க மாட்டேன்.

சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பு. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பார். பெரியாத்தா எங்கே என்று பொன்னழகு கேட்டால், அண்ணன் வீட்டில் கதிர் அறுப்பு என்று சொல்லு.

இதோடு நான்கு தாள் வைத்திருக்கிறேன். மந்திரம் எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கே படிக்கத் தொடங்கு. மந்திரப் புத்தகத்தை உபதேசியாரிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் மனதிலிருந்து எழுதியதுதான், ஆனாலும் ஒரு சொல் தப்பியிருக்காது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் என் பெயரை எடுக்காதே.

நீயும் பிள்ளைகளும் அவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். ஈஸ்டரன்று பதறாமல் நிதானமாகச் சொல்லு. அதே நேரத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நானும் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஒச்சம்மாள்