வழுக்கை டாக்டரும் நரம்பு செல் ஊசியும்

போடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சண்டை பிடிக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் அதே தெம்போடு இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறதே என்று பயப்படாதே, இந்தப் பார்க்கின்சன் நோயில் எழுத்தும் சிறுத்துப்போகுமாம், தாள் மிச்சம். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம். மேலே மெட்டுத் தோட்டத்தில் மழை பரவாயில்லை, ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. நான் ஜீப்பில் போய் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன், கை தானாக ஆடுவதைப் பார்த்து ஆட்கள் நான் கூப்பிடுவதாக நினைத்து ஓடி வருகிறார்கள்.

உன் ஆராய்ச்சிக்கூடத்தில் செத்துப்போன நரம்பு செல்லுக்குப் பதிலாகப் புதுசு வளர்த்து மூளைக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள், அப்பாவைச் சேர்க்க முடியுமா கேட்கிறேன் என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து உன் அம்மா, 'மண்டையில தொளை போடுறதா, அந்தப் பேச்சே வேணாம்' என்று நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து உன் மாமன் பால்பாண்டி ஒரு நோட்டீசோடு வந்தான். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்காம். 'தொளையும் இல்ல, தையலும் இல்ல மச்சான், கையில ஒரு நரம்பு செல் ஊசி, நடுக்கம் ஓடிரும், வெரசா கெளம்புங்க' என்றான். ஊசிதானே என்று உன் அம்மாவும் இறங்கி வந்தாள். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும்.

ஏசி அறையில் டாக்டர் என்று ஒருவர், நல்ல சிவப்பு, நல்ல வழுக்கை. நடுக்கம், மூட்டுவலி, ஞாபகமறதி, முடி கொட்டுவது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே ஊசி கேட்கும் என்று அடுக்கினார். நான் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டியேவிட்டேன். ஆத்தா, அந்த நேரம் அவர் விளக்கெண்ணெயை ஏற்றியிருந்தாலும் சம்மதித்திருப்பேன், சட்டைப் பொத்தானை நானே போட்டு வெகு நாளாகிறது. அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா, 'அய்யா, முடிக்கும் கேக்கும்னா நீங்க ஒண்ணு போட்டுக்கிடலையா' என்றாள். குசும்பாக இல்லை, நிஜமான அக்கறையோடு கேட்டாள். நர்சுப் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டது. டாக்டர் தண்ணீர் குடித்தார். செல் எங்கிருந்து வருகிறது, கையில் போட்டால் மூளைக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கெல்லாம் 'நம்பிக்கை வேணும்' என்பது மட்டும்தான் பதில். உன் அம்மா என் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுப்பிக் கூட்டி வந்துவிட்டாள்.

பஸ்சில் ஆண்டிபட்டி தாண்டியதும் அவளே, 'மொகந்தெரியாதவன்கிட்ட அம்புட்டு வெரசா கையை நீட்டுறீகளே, அம்புட்டுக் கஷ்டமா இருக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே' என்றாள். இறங்கும்போது, 'பிள்ளை கூப்பிட்டா போவோம், நானும் வர்றேன்' என்றாள்.

ஆத்தா, எனக்கு வயது கூடுதல் என்றோ வெளிநாட்டுக்காரன் என்றோ தட்டிப்போகலாம், வைத்த செல் எல்லாருக்கும் வேர் பிடிக்காது, பிடித்தாலும் நோய் முழுசாகப் போகாது என்று நீ சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியிருக்கிறது. அவள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனாள், சிரிக்கக் கூடாதம்மா என்று ஸ்டூடியோக்காரர் மறுபடி மறுபடி எடுத்தும் எல்லாப் படத்திலும் பல் தெரிகிறது. அதனால் பதில் எதுவானாலும் முதலில் எனக்குச் சொல், அவள் காய்கறி வாங்கப் போகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. முடியாது என்று வந்தால் எனக்கு வருத்தம்தான், அதை நான் பார்த்துக்கொள்வேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. உன் அம்மா படம் ஒன்று உள்ளே இருக்கிறது, நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது, பத்திரம்.

கை ஆட ஆட ஆசீர்வதிக்கும் அப்பா,
கன்னையன்