நாய் மருந்து

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், அப்பாவின் முழங்காலுக்குக் கீழே மட்டும் இன்னும் சுகமாகவில்லை. நீ நிஜமாகவே சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம், காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா தபால் கொடுக்கும் கடைசித் தெருவில் தையல்காரர் வீட்டு நாய் அவரைக் கண்டாலே பாய்கிறது என்று சொன்னதும், காரில் இந்தப் பக்கம் வந்த உன் சிநேகிதியிடம் அந்த மிளகு ஸ்ப்ரேயைக் கொடுத்தனுப்பினாய். இது நாய்க்கு மருந்துப்பா என்று போனில் ஒரே வரி சொன்னாய், உன் அப்பாவுக்கு அது போதாதா. கொசு மருந்தைக் கொசு மேலேயா பூசுகிறோம், நம் மேல்தானே என்று செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நின்று, பேண்ட்டை மடித்துவிட்டு, இரண்டு காலிலும் நிதானமாக அடித்துக்கொண்டார். பிறகு அவர் ஆடிய ஆட்டத்தை எதிர்வீட்டில் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள், பார்த்தவர்களும் இருமினார்கள். சோப்புப் போட்டு ஒரு மணி நேரம் கழுவினேன், என் கையும் எரிந்தது. அப்படியும் தபாலைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். நாய் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே உள்ளே போய்விட்டதாம், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்கிறார்.

எரிச்சல் அடங்காமல் மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்காரர் டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு, இது நாய்க்கு இல்லை, கரடிக்கு, பாய்ந்து வரும்போது அதன் முகத்துக்கு நேரே அடிக்க வேண்டும், காற்று நம் பக்கம் வீசக்கூடாது என்றார். அப்புறம் ஆட்டிப் பார்த்து, "பாதிக்கு மேல ஏற்கெனவே செலவாயிருக்கேம்மா" என்றார். அப்பா அமுக்கியது இரண்டே அமுக்கு. உனக்கு அங்கே ஆபீசில் மேஜை வேலை என்றுதானே சொன்னாய், மேஜைக்கு எங்கிருந்து கரடி வந்தது? கையில் இருந்த ஒன்றையும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு நீ என்ன வைத்திருக்கிறாய்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் இல்லை, பயமாக இருக்கிறது. மீதியை உனக்கே திருப்பி அனுப்பச் சொல்லி அப்பா மூன்று நாளாக என்னைப் பிடுங்குகிறார், நாயை அவர் பார்த்துக்கொள்வாராம்.

நீ நீண்ட ஆயுளோடு, கைகால் முழுசாக இருக்க வேண்டும். நாளைக்கே புதிதாக ஒன்று வாங்கு, பைக்குள் போடாதே, இடுப்பில் மாட்டிக்கொள். பதிலில் வழக்கம்போல நலம் என்று மட்டும் எழுதாதே. அந்தக் கரடி எத்தனை அடி தூரத்தில் நின்றது என்று எழுது.

உன் அம்மா