வெயிலுக்கு வளர்த்த நாம்பன்

இஞ்சாருங்கோ,

ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது மேசை லாச்சிக்குள் என் கண்மைப் பென்சில் அகப்பட்டது. நுனியில் ஒரு வெள்ளை மயிர். என் தலைமயிர் என்றுதான் நினைத்தேன். கிட்டக் கொண்டுபோனால் மாட்டுக் கொட்டில் மணம். புருஷன் எனக்கு விட்டுப்போன சொத்தைப் பாருங்கள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நீங்களே போய்ச் சேர்ந்த பிறகு கோபத்தை இனி யாரிடம் காட்டுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே சுவிஸில், இன்டர்லாக்கன் ஹோட்டல் சமையலறையில் வெந்துகொண்டிருந்த காலம் முழுக்க நீங்கள் மேலே மலைப் பண்ணையில் மாடு பார்த்தீர்கள். ஹெர்ஃபோர்ட் மாடுகள்: சிவந்த உடம்பு, வெள்ளை முகம், கொம்பு முளைக்காத மோழைத் தலை. பார்த்தோம், சம்பளம் வாங்கினோம் என்று இருந்தீர்களா? சூடான நாடுகளுக்கு ஏற்றதாக அந்த இனத்தைத் தேர்ந்து பெருக்க வேண்டுமென்று முதலாளியைப் பிடித்துக்கொண்டீர்கள். முழங்கால் பனிக்குள் நின்று வெயிலுக்கு மாடு வளர்க்கிற மனிதர் வேறெங்கே கிடைப்பார்? "மன்னார் வெயில் திண்டு வளந்தவன் நான். எனக்குத் தெரியாதோ?" என்பீர்கள். மன்னார் எங்கே என்றே தெரியாத முதலாளியும் தலையாட்டினார், பாவம்.

வெள்ளை முகத்து மாட்டுக்கு வெயில் கண் இமையைப் புண்ணாக்கும், சிலவேளை புற்றும் வரும் என்றீர்கள். ஆகவே கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் உள்ள கன்றுகளாகத் தேடினீர்கள். குளிர்கால மயிரை எது முந்தி உதிர்க்கிறது என்று பார்த்தீர்கள். கோடையில் மற்றவை நிழலுக்கு ஓட, உச்சி வெயிலில் நின்று மேய்வது எது என்று நீங்களும் வெயிலில் குந்தியிருந்தீர்கள். வீட்டிலும் மாட்டுக் கண் கதைதான். "என்ரை கண் என்ன மாதிரியெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்," என்று கேட்டேன். சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிராமலே, "நீர் நிழலுக்கு ஓடுற இனம்," என்றீர்கள்.

கடைசியில் நீங்கள் ஆசைப்பட்டபடியே ஒரு நாம்பன் கன்று பிறந்து இளங்காளையாக வளர்ந்தது. தென் ஸ்பெயினிலிருந்து ஒருவர் அதை இனப்பெருக்கத்துக்கு வாங்க வருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாமென்றால் இறைச்சிக்குத்தான் என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க நீங்கள் சோற்றைப் பிசைந்தீர்களே தவிர உண்ணவில்லை.

வந்தவர் பெரிய மீசைக்காரர். இளமையில் சுவிஸில் வேலை செய்ததால் டொச் மொழி கதைத்தார். நானும் லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன். அவர் நாம்பனின் காலைப் பார்த்தார், முதுகைத் தடவினார். அதன் கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு. தேய்த்தார். விரல் கறுத்தது. முகத்தில் மை பூசியவர்கள் கண்ணுக்குச் சிவப்பும் பூசியிருக்க மாட்டார்களா என்று கேட்டார். முதலாளி உங்களைப் பார்த்தார். நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். காலையில் நான் தேடிய பென்சில் எங்கே போனதென்று எனக்கு விளங்கியது.

"நாவூறு படாமல் வைச்சனான்," என்று என் காதுக்குள் முணுமுணுத்தீர்கள். நம் மகளுக்குக் கன்னத்தில் நான் பொட்டு வைத்தபோதெல்லாம் மூடநம்பிக்கை என்று குதித்த அதே மனிதர்.

"அதை அவருக்குச் சொல்லுங்கோவன்."

"எனக்கு டொச்சிலை உது வராது. நீர் சொல்லும்."

அழகான பிள்ளையை ஊர்க் கண் தின்னும், அதனால் முகத்தில் ஒரு குறை வைத்துவிடுவோம் என்று என் சமையலறை டொச்சில் விளக்கினேன். மீசைக்காரர் ஒரு வாளி தண்ணீரும் சவர்க்காரமும் கேட்டார். கண்ணைச் சுற்றித் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்பு போகவில்லை. நாம்பனை எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது திரும்பி வந்து, அந்தக் கறுப்பை மறுபடி வைத்துவிடச் சொன்னார். வழியில் நிறையப் பேர் பார்ப்பார்களாம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். தடிமன் என்றீர்கள்.

இந்தக் கோடை இங்கேயே தாங்க முடியாத வெக்கை. அன்று உங்களைப் பார்த்துச் சிரித்த அயல் பண்ணைக்காரர்கள் இப்போது உங்கள் மாடுகளின் கன்று கேட்டு வருகிறார்கள். போன கிழமை முதலாளி எனக்குப் போன் எடுத்தார். இரண்டு நாம்பன் கன்றில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம், மற்றது இறைச்சிக்கு, நீ வந்து பார்த்துச் சொல்லு என்றார். எனக்கென்ன தெரியும்? ஆனாலும் போனேன். இரண்டையும் வெயிலில் விட்டுப் பார்த்தேன். பெரிய கன்றைக் கை காட்டினேன். சரி என்றார்.

வேலை முடிந்தும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் எந்த மாட்டைக் காட்டினாலும், "உமக்கு ஒண்டும் விளங்காது, மற்றதைப் பாரும்," என்பீர்களே. அதைக் கேட்கத்தான் நிற்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

முதலாளியைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பதிலாக நானே போய் மற்றதைப் பார்த்தேன். வைத்திருக்க வேண்டியது மற்றதுதான்.