பீரோவின் மூன்றாவது தட்டு

இன்று காலை பீரோவைத் திறந்ததும் உன் பையிலிருந்து டெட்டால் வாசனை அடித்தது. ஏழு மாதமாகியும் போகவில்லை. "அவுக பைய இன்னும் எத்தன நாளைக்கு வச்சிருப்ப? அதை எடுத்துட்டா என் சட்டையெல்லாம் வைக்கலாம்ல?" என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், கோபமாகக் கேட்கவில்லை. நான்தான் பீரோவை வேகமாகச் சாத்தினேன்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். கழுவிய டிபன் பாக்ஸ், கத்தரிக்கோல், ஒரு கொத்து ஊக்கு, நான்காக மடித்த கோச்சிங் தாள். கோரிப்பாளையத்தில் பேக்கரி மாடியில் நம் சார் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி பதில்கள். 'நீங்கள் பொருட்களை ஒழுங்காக வைத்துக்கொள்பவரா?' என்ற கேள்விக்குக் கீழே இருந்த பத்து வரியையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்து, ஓரத்தில் தமிழில் எழுதியிருக்கிறாய்: 'இது என் வீடு இல்ல.'

அன்றைக்கு வகுப்பில் உன்னால் எனக்கு வெட்கமாகப் போயிற்று. இப்போது ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், அதற்காகத்தான் டியூட்டி முடிந்த களைப்போடு அந்த மாடிப்படி ஏறினோம். எல்லாரும் வரிசையாக ஒரே பதிலை ஒப்பித்தோம்: என் வார்ட்ரோபை ஞாயிறுதோறும் நிறம் நிறமாக அடுக்குவேன், அது எனக்கு மன நிம்மதி தருகிறது. உன் முறை வந்தது. எங்கள் வீடு ஒரே அறை, அதில் ஐந்து பேர் இருக்கிறோம் என்று தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாய்.

சார் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஒரே ரூம்னு சொன்னா கேக்குறவங்க என்னம்மா நெனைப்பாங்க? வார்ட்ரோப்னு சொல்லுங்க."

"இல்லாத வார்ட்ரோப எப்பிடி சார் அடுக்குறது?"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். படி இறங்கும்போது, "சொல்லிக் குடுத்தத சொல்லிட்டுப் போவியா, எதுக்குடி வம்பு வளக்குற?" என்று உன்னைத் திட்டினேன். நான் மிஷன் பள்ளியில் படித்தவள், ஆங்கிலத்தில் உன்னைவிட ஒரு படி மேல் என்ற நினைப்பு எனக்கு. நீ உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்துக்கொண்டே படித்து வந்தவள். நீ நின்று என்னைப் பார்த்துச் சொன்னாய்: "பொய்ய மனப்பாடம் பண்ணிட்டா, அவுக அடுத்த கேள்வி கேக்கயில எங்கிட்டுப் போவ?"

பிடிவாதக்காரி என்று உன்னைச் சொன்னவர்கள் நீ உழைத்ததைப் பார்த்ததில்லை. அந்த ஒரு பதிலை எத்தனை நாள் தேய்த்தாய்! ஒத்தக்கடை பஸ்ஸுக்கு நான் காத்து நிற்கும்போதெல்லாம் கூடவே நின்று சொல்லிக் காட்டுவாய். வெறும் 'ஆமாம்' என்று ஆரம்பித்தது, காரணம் சேர்ந்தது, பிறகு ஓர் உதாரணம் சேர்ந்தது. கடைசியில் இப்படி வந்து நின்றது: 'எங்கள் அறை காலையில் அடுப்படி, சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் இடம், பிறகு படுக்கை. ஐ பில்ட் மை ஹவுஸ் த்ரீ டைம்ஸ் எ டே.'

"பில்டுன்னா கட்டுறதுடி. அரேஞ்சுன்னு சொல்லு" என்றேன்.

"அரேஞ்சு இல்ல. ஒருநா வந்து பாரு, அப்பறம் பேசு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். பாய்கள் சுருண்டு பரணுக்குப் போயின. அடுப்பை மூலைக்குத் தள்ளி, அதே இடத்தைத் துடைத்து, அரிசி டின்மேல் பலகை போட்டாய். உன் மகள் அதில் கணக்கு எழுத உட்கார்ந்தாள். உன் மாமியார் மாத்திரை டப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டே கை நீட்டி எடுத்தார். ஒரு கரண்டி இடம் மாறினாலும் அந்த வீடு நடக்காது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் திருத்தவில்லை.

ஆனாலும் நான் தேர்வுக்குப் போனபோது வார்ட்ரோபைத்தான் சொன்னேன். பயம். எங்கள் வீட்டில் பீரோ உண்டு, ஆனால் கதவைத் திறந்தால் துணி காலில் விழும். கேள்வி கேட்ட அம்மா மிகச் சாதாரணமாக, அதில் எதை ஒழுங்காக வைப்பது சிரமம் என்று கேட்டார். 'கலர்ஸ், கலர்ஸ்' என்று இரண்டு முறை சொல்லி நிறுத்திவிட்டேன். அரை மதிப்பெண்ணில் போயிற்று. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "பாத்தியாடி, வார்ட்ரோபு கவுந்துருச்சு!" சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ நம்ம ரெண்டு பேரும் சேந்து போறோம்" என்றாய்.

போகவில்லை. அந்த வாரமே கோரிப்பாளையம் ஸ்டாப்பில், "இந்தப் பைய வச்சுக்கடி, தூக்கத் தெம்பில்ல. நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று என் தோளில் மாட்டிவிட்டாய். உன் கை கொதித்தது. காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் நீ இல்லை. காரியம் முடிந்து பையைக் கொடுக்க வந்தபோது உன் வீட்டுக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க வைக்க எடம் எங்கம்மா இருக்கு? நீங்களே வச்சுக்கங்க." துக்கத்துக்கு வந்த சார், "நல்ல பொண்ணு, சொன்னா மட்டும் கேக்காது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லதாகப் போயிற்று, கேட்காமல் இருந்தது.

போன வாரம் மறுபடி தேர்வுக்குப் போனேன். தனியாக. அதே கேள்வி வந்தது. உன் பதிலைச் சொல்ல வாய் வரை வந்தது, ஆனால் அது உன் வீடு. அதனால் என் வீட்டைச் சொன்னேன். நான் ஒழுங்கானவள் இல்லை, என் பீரோவைத் திறந்தால் துணி விழும், ஆனால் மூன்றாவது தட்டில் என் தோழியின் பை மட்டும் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு கைக்குட்டைகூட வைக்க மாட்டேன் என்றேன். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். என்றைக்காவது அதை எடுத்துவிட்டு அடுக்குவீர்களா என்று கேட்டார். அடுத்த கேள்வி. இந்த முறை நான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

"நோ" என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்கும் பதில் இருந்தது, நிறுத்தச் சொல்லும்வரை பேசினேன்.

முடிவு இன்னும் வரவில்லை. சார் போன் செய்து, "வார்ட்ரோப்தானம்மா சொன்னீங்க?" என்றார். "இல்ல சார், இருக்கிறதச் சொன்னேன்" என்றேன். தேறாவிட்டால் திரும்பவும் பணம் கட்டிப் போவேன், திரும்பவும் இதையேதான் சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்கும் சாயங்காலம் பதில் சொல்லிவிட்டேன். சட்டைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். நீ நாளைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்த பை அது. உன் வீட்டில்தான் இடமில்லை, என் வீட்டில் இருக்கிறது.